மேலுலகத்தை எப்படிப் படிப்பது?

தமிழ்நாட்டின் எந்தச் சிற்றூருக்குப் போனாலும் பேருந்து நிலையத்தை ஒட்டிய சுவரில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகள் நாலைந்து ஒட்டியிருக்கும். ஒன்றில் ஒருவர் சிவலோகப் பதவி அடைந்திருப்பார். அதற்குப் பக்கத்தில் ஒருவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்திருப்பார். சற்றுக் கீழே இன்னொருவர் இயற்கை எய்தியிருப்பார். மூவரும் ஒரே தெருவில் வாழ்ந்து ஒரே கடையில் தேநீர் குடித்தவர்களாகவும் இருக்கலாம். இறந்த பிறகு மூவரும் மூன்று வெவ்வேறு உலகப் படங்களுக்குள் வைக்கப்படுகிறார்கள். அந்தப் படங்கள் எங்கிருந்து வந்தன, அவை நம் இலக்கியத்திலும் வீட்டு வழக்கங்களிலும் என்ன வேலை செய்கின்றன என்பதைத் தாமே கண்டறிய விரும்பும் வாசகருக்காக இதை எழுதுகிறேன். தமிழாசிரியருக்கும் மாணவருக்கும் மட்டுமன்றி, பாட்டியின் கருமாதியில் நடந்தவற்றுக்குப் பொருள் தெரியாமல் நின்ற எவருக்கும் இம்முறை பயன்படும்.

முதலில் ஒரு கேள்வியைத் தள்ளிவைக்க வேண்டும். "இதைச் சொன்னவர் சொர்க்கம் உண்டு என்று உண்மையிலேயே நம்பினாரா?" என்பதே அக்கேள்வி. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு புலவரின் உள்ளத்துக்குள் நுழைந்து அதற்கு விடை காண நம்மால் இயலாது. பக்கத்து வீட்டுக்காரர் விஷயத்திலும் அது எளிதன்று. அதற்கு மாறாக, "இந்த இடத்தில் மேலுலகத்தைக் கொண்டு எதை அளக்கிறார்கள்?" என்று கேளுங்கள். தமிழில் மேலுலகம் பெரும்பாலும் மரக்காலைப் போன்றது. மரக்கால் நெல்லை அளக்கும். மரக்காலை யாரும் சமைத்து உண்பதில்லை. ஈகை, காதல், வீரம், விருந்து, அடியார் கூட்டம் என இவ்வுலகத்துப் பொருள் ஒன்றை அளப்பதற்காகவே அவ்வுலகம் பாட்டுக்குள் கொண்டுவரப்படுகிறது என்பதைச் சில நாள் வாசிப்பிலேயே நீங்கள் காணலாம்.

சொல்லிலிருந்து தொடங்குங்கள்

ஒரு பாடலிலோ வழக்கிலோ மேலுலகம் வரும்போது எந்தச் சொல்லால் வருகிறது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பழந்தமிழில் துறக்கம், விசும்பு, புத்தேள் உலகு, மேலுலகம், அவ்வுலகம், தொய்யா உலகம் எனப் பல பெயர்கள் உள்ளன. இவை இன்பம் நுகரும் இடங்கள். செய்த நல்வினையின் பயனை உண்பதற்கான இடங்கள். வீடு, முத்தி ஆகியன வேறு; அவை பிறவியிலிருந்து முற்றாக விடுபடுதலைக் குறிக்கின்றன. வைதிக மரபிலும் சமண, பௌத்த மரபுகளிலும் தேவருலகம் நிலையானதன்று; புண்ணியம் தீர்ந்தால் அங்கிருந்து இறங்கத்தான் வேண்டும். ஆகவேதான் 'யான் எனது' என்னும் செருக்கை அறுத்தவன் "வானோர்க்கு உயர்ந்த உலகம்" புகுவான் என்று திருக்குறளால் சொல்ல முடிகிறது. வானோர் உலகத்துக்கும் மேலே ஓர் உலகம் என்ற ஏணி மனத்தில் இல்லாதவருக்கு அந்தத் தொடர் வெறும் அலங்காரமாகவே படும்.

பிற்காலத்தில் இதே சொற்கள் புதிய பொருளை ஏற்றுக்கொண்டதையும் கவனிக்க வேண்டும். கிறித்தவர்கள் மோட்சம் என்ற சொல்லை எடுத்து, இறைவனுடன் என்றென்றும் வாழும் விண்ணகத்துக்குப் பெயராக்கினார்கள். 1894இல் வெளிவந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் முழுவதும் அந்த நகரை நோக்கிய பயணமே. தமிழ் முஸ்லிம்கள் மறுமை என்ற பழஞ்சொல்லையே இறுதித் தீர்ப்புக்குப் பிந்திய வாழ்வுக்கு வழங்குகிறார்கள். புறநானூற்றில் உள்ள அதே சொல்லை வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்திலும் கேட்கலாம். சொல் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றென்று கொள்வதே இவ்வகை வாசிப்பில் மிகுதியாக நேரும் பிழை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டியிருக்கிறது. "திருமணங்கள் சொர்க்கத்தில் நிச்சயிக்கப்படுகின்றன" என்பதைத் தமிழ்ப் பழமொழியாகவே பலர் எழுதுகிறார்கள். அது ஆங்கிலத்தின் வழியாக வந்தது. இன்னாருக்கு இன்னார் என்று தலையில் எழுதியிருக்கிறது என்பதே நம் வீடுகளின் பேச்சு. இரண்டும் வெவ்வேறு உலகப் பார்வைகள். ஒன்றில் முடிவு மேலே எங்கோ எடுக்கப்படுகிறது. மற்றதில் அது நம் நெற்றியிலேயே இருக்கிறது, நமக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

சிறு சொற்களை விடாதீர்கள்

பெரும்பாலான வாசகர்கள் அமிழ்தம், இந்திரன், கற்பகம் போன்ற ஒளிமிக்க சொற்களில் நின்றுவிடுகிறார்கள். நீங்கள் 'எனின்', 'எனினும்', 'ஆயினும்' என்னும் சிறு சொற்களில் நில்லுங்கள். உலகப் பார்வை பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. "இந்திரர் அமிழ்தம் இயைவது ஆயினும்" இனிதென்று தனியே உண்ணாதவர்கள் இருப்பதால்தான் இவ்வுலகம் நிலைத்திருக்கிறது என்கிறது கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதியின் பாட்டு. அந்த 'ஆயினும்' அமிழ்தத்தை மறுக்கவும் இல்லை, தேடிப் போகவும் இல்லை. பகிர்ந்துண்ணும் பண்பை எடைபோடுவதற்காக உலகிலேயே விலை மிக்க உணவைத் தட்டில் வைக்கிறது, அவ்வளவே.

"நல்லாறு எனினும் கொளல்தீது மேலுலகம் இல்லெனினும் ஈதலே நன்று" என்ற குறளை இம்முறையில் படித்துப் பாருங்கள். நேராகப் படித்தால், மேலுலகமே இல்லாவிட்டாலும் கொடுப்பது நன்று என்று பொருள் தருகிறது. பரிமேலழகர் இதை அப்படியே விடவில்லை. ஈந்தவர்க்கு அவ்வுலகு எய்துதல் இல்லை என்று சொல்வார் இருந்தாலும் ஈதலே நன்று என உரை எழுதி, அப்படிச் சொல்பவர்கள் இல்லை என்பதைக் காட்டவே 'எனினும்' வந்தது என்றும் சேர்த்துவிடுகிறார். மேலுலகத்தின் இருப்பைப் பற்றிய ஐயம், அது கிடைக்குமா என்ற ஐயமாகச் சுருங்கி, பிறகு அந்த ஐயமும் இல்லாமல் போகிறது. உரையாசிரியரைக் குறைசொல்வதற்காக இதைக் கூறவில்லை. மூலத்தின் உலகப் பார்வை ஒன்றாகவும் உரையின் உலகப் பார்வை வேறொன்றாகவும் இருக்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை. எனவே எப்போதும் மூலத்தைத் தனியாகவும் உரையைத் தனியாகவும் இருமுறை படியுங்கள்.

இந்தப் பயிற்சிக்கு மிகவும் ஏற்ற பாட்டு, கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது பாடியதாகப் புறநானூற்றில் 214ஆம் பாட்டாக உள்ளது. உண்ணாது உயிர்விட முடிவு செய்து வடக்கு நோக்கி அமர்ந்துவிட்ட ஒருவன், நல்வினை செய்யலாமா வேண்டாமா என்று தயங்குபவர்களிடம் பேசுகிறான். யானை வேட்டைக்குப் போனவன் யானையோடு திரும்புவதும் உண்டு, குறும்பூழ் வேட்டைக்குப் போனவன் வெறுங்கையோடு வருவதும் உண்டு. ஆகவே பெரியதையே நாடு என்று தொடங்குகிறான். பிறகு படிப்படியாக இறங்குகிறான். வினைக்குப் பயன் உண்டென்றால் தொய்யா உலகத்து நுகர்ச்சி கிடைக்கலாம். அது இல்லையென்றால் மறுபடி பிறவாமை கிடைக்கலாம். அதுவும் இல்லையென்றால், இமயத்தின் சிகரம்போல் புகழை நட்டுவிட்டுக் குறையற்ற உடலோடு மாய்வதே போதும். சாவின் வாயிலில் அமர்ந்திருப்பவன் சொர்க்கத்தை உறுதியாகச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அக்காலத்தில் வழங்கிய மூன்று பார்வைகளையும் வரிசையாக வைத்து, எதை நம்பினாலும் செய்ய வேண்டியது ஒன்றே என்று முடிக்கிறான். ஒரே பாட்டுக்குள் பல நம்பிக்கைகள் பக்கம் பக்கமாக அமரும் இந்த இயல்பை மனத்தில் கொண்டால், "சங்க காலத் தமிழர் சொர்க்கத்தை நம்பினர்" என்றோ "நம்பவில்லை" என்றோ ஒற்றை வரியில் எழுதிவிடும் ஆசை தானாகவே அடங்கும்.

யார் யாரிடம் பேசுகிறார்?

மூன்றாவதாக, பேசுபவரையும் கேட்பவரையும் எழுதிக்கொள்ளுங்கள். உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் என்ற புலவர், வள்ளல் ஆய் அண்டிரனைப் பற்றிச் சொன்னது பலருக்கும் தெரிந்ததே: "இம்மைச் செய்தது மறுமைக்கு ஆம் எனும் அறவிலை வணிகன் ஆஅய் அல்லன்." இங்கே கொடுத்துப் புண்ணியம் வாங்குவதை வணிகம் என்றே அவர் சொல்லிவிடுகிறார். இந்தப் பாட்டோடு நின்றால் முடமோசியாரை மறுமையை ஏற்காதவர் என்றே எண்ணத் தோன்றும். ஆனால் அதே புலவர், அதே ஆய் இறந்தபோது பாடிய பாட்டும் புறநானூற்றில் 241ஆவதாக இருக்கிறது. அண்டிரன் வருகிறான் என்று இந்திரனுடைய கோயிலில் முரசு கறங்க, விசும்பில் ஆரவாரம் எழுந்தது என்கிறார் அதில். உயிரோடு இருந்த வள்ளலிடம் மறுமையைப் பேசுவது பேரமாகிவிடும். இறந்த வள்ளலுக்கு விசும்பைத் தவிர ஈடாகக் கொடுக்கப் புலவரிடம் வேறொன்றும் இல்லை. சூழலைச் சேர்த்துப் படிக்கும்போது முரண்பாடு மறைந்து, ஒரு மனிதரின் துயரம் தெரிகிறது.

ஆவூர் மூலங்கிழார் சோழன் கிள்ளிவளவனைப் பாடிய 38ஆம் புறப்பாட்டில் இன்னும் துணிவான ஒரு கருத்து வருகிறது. விண்ணுலகில் நல்வினைப் பயனை நுகரலாமே தவிர, உடையவர் ஈவதும் இல்லாதவர் இரப்பதும் அங்கே நிகழா. ஆகவே அது செயலற்ற இடம். அங்கே கிடைக்கும் நுகர்ச்சி உன் நாட்டிலும் கிடைப்பதால், பரிசிலர் எங்கிருந்தாலும் உன் நாட்டையே நினைப்பார்கள் என்கிறார். பரிசிலை நம்பி வாழ்ந்த புலவர் சொன்னது என்பதை மறந்துவிடலாகாது. இதில் முகமன் இருக்கிறது. இருந்தாலும், கொடுப்பதற்கு வழியில்லாத இடம் குறைபட்ட இடம் என்று சொர்க்கத்தையே குறைத்து மதிப்பிடும் இந்தச் சிந்தனை, இரவலரும் புரவலரும் எதிரெதிரே நின்ற ஒரு சமூகத்தில் மட்டுமே முளைத்திருக்க முடியும்.

காமத்துப்பாலிலும் இதே அளவுகோல் வருகிறது. தாம் விரும்பும் பெண்ணின் தோளில் துயிலும் துயிலைவிடத் தாமரைக் கண்ணான் உலகு இனியதோ என்று தலைவன் கேட்கும் குறளை, பேரின்பத்துக்கு உரிய நீ இதற்காக இப்படி ஆகலாமா என்று இடித்துரைத்த தோழனுக்கு அவன் சொன்ன விடையாக உரையாசிரியர் அமைக்கிறார். கேட்பவர் யார் என்று தெரிந்தவுடன் குறளில் சிறு குறும்பும் தெரிகிறது.

பக்தி இலக்கியத்துக்கு வரும்போது அளவுகோல் அதேதான், அளக்கப்படும் பொருள்தான் மாறுகிறது. திருமாலையில் தொண்டரடிப்பொடி ஆழ்வார் இந்திரலோகத்தை ஆளும் சுவையை வைத்துத் திருநாமத்தின் சுவையை அளக்கிறார். "அச்சுவை பெறினும் வேண்டேன்" என்பது தீர்ப்பு. மாணிக்கவாசகர் இந்திரன், திருமால், அயன் ஆகியோரின் வாழ்வைக் கொள்ளேன் என்றும், திருவருளோடு இருக்கப்பெற்றால் நரகம் புகினும் இகழேன் என்றும் சொல்கிறார். தில்லையில் ஆடும் பாதத்தைக் காணக் கிடைக்குமானால் மனிதப் பிறவியும் வேண்டுவதே என்று அப்பர் பாடும்போது, பிறவாமையைப் பெரும்பேறாகக் கொண்ட மரபே கொஞ்சம் ஆடிப்போகிறது. சொர்க்கத்தை மறுத்தல் என்பது தமிழில் ஒரு பாடல் மரபாகவே வளர்ந்திருக்கிறது. அதை நாத்திகமாகவும் கொள்ளக்கூடாது, வெறும் மிகைக்கூற்றாகவும் தள்ளக்கூடாது.

ஏட்டிலிருந்து வாசலுக்கு

இலக்கியத்தை மட்டும் படித்தால் பாதிதான் கிடைக்கும். மீதி சடங்கில் இருக்கிறது. ஔவையார் அதியமானைப் பாடிய 93ஆம் புறப்பாட்டில் ஒரு வழக்கம் பதிவாகியுள்ளது. போரில் சாகாமல் நோயில் இறந்த அரசரைப் பசும்புல்லில் கிடத்தி, நல்ல போரில் வீழ்ந்த மறவர் செல்லும் இடத்துக்கே நீயும் செல்க என்று சொல்லி வாளால் பிளந்து அடக்கம் செய்வார்கள். அதியமானோடு போரிட்டு மாய்ந்தவர்கள் அந்த இழிவிலிருந்து தப்பினார்கள் என்கிறார் ஔவை. சேரமான் கணைக்கால் இரும்பொறையின் பாட்டு, குழந்தை இறந்து பிறந்தாலும் உருவமற்ற தசைப் பிண்டமாகப் பிறந்தாலும் அதையும் வாளால் வெட்டத் தவறமாட்டார்கள் என்கிறது. மேலுலகத்துக்குள் நுழையும் தகுதி உடலில் உள்ள விழுப்புண் என்ற நம்பிக்கை, பிறந்த வீட்டின் ஈரம் காயாத தரைவரை வந்துவிட்டதை இங்கே காண்கிறோம். படிக்கக் கூசும் பகுதிதான். ஆனால் நம்பிக்கை அன்றாட வாழ்வை எவ்வளவு ஆழமாக வடிவமைக்கும் என்பதற்கு இதைவிட வலிய சான்று அரிது.

நேரில் போய்ப் பார்க்க வாய்ப்புள்ளவர்கள் நடுகற்களைப் பாருங்கள். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட தமிழி (தமிழ் பிராமி) எழுத்துள்ள கற்களில் ஒன்று, கூடலூர் ஆகோளில் (ஆநிரை கவரும் போரில்) பட்ட ஒருவனுக்காக நடப்பட்டது. அதில் சொர்க்கத்தைப் பற்றி எதுவும் இல்லை. ஊர், நிகழ்வு, பெயர், கல், அவ்வளவே. பல நூற்றாண்டுகளுக்குப் பின், கன்னடப் பகுதியில் மிகுதியாகக் கிடைக்கும் அடுக்கு நடுகற்களில், கீழே போரும் நடுவில் வீரனைத் தூக்கிச் செல்லும் தேவமகளிரும் மேலே சிவலிங்கத்தின் முன் அமர்ந்த வீரனும் செதுக்கப்பட்டிருப்பார்கள். ஒரே வகைக் கல்லில் மேலுலகம் எப்போது இடம்பிடித்தது என்பதைக் கண்ணாலேயே படிக்கலாம். செஞ்சிக்கு அருகில் திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியரின் நினைவாக உள்ள சமணக் கல்வெட்டை, வடக்கிருந்த சோழனின் பாட்டோடு வைத்துப் படிக்க வேண்டும்.

வீட்டு வழக்கங்களைக் கேட்டறிவதில் ஒரு முறை உண்டு. "சொர்க்கத்தை நம்புகிறீர்களா?" என்று முதியவரிடம் கேட்டால் நமக்கு ஏற்றதாக ஒரு விடையைச் சொல்லிவிட்டு வெற்றிலையை மடிக்கத் தொடங்கிவிடுவார். "அப்பத்தா, பேரப்பிள்ளைகள் ஏன் நெய்ப்பந்தம் பிடிக்கிறார்கள்?" என்று செயலைப் பற்றிக் கேளுங்கள். "போற வழி இருட்டா இருக்குமில்ல, வெளிச்சம் வேணாமா?" என்பது போன்ற விடை வரும். அந்த ஒரு வரியில் வழி, தொலைவு, இருள், பேரன் பேத்தியின் கடமை எல்லாம் அடங்கிவிடுகின்றன. தென்புலத்தாரை (இறந்த முன்னோரை) இல்லறத்தானின் ஐந்து கடமைகளில் முதலாவதாக வைத்த குறளையும், ஆடி அமாவாசையன்று இராமேசுவரம் அக்னி தீர்த்தக் கரையில் நிற்கும் கூட்டத்தையும் இணைக்கும் இழை இதுதான்.

திருவரங்கத்தில் வைகுண்ட ஏகாதசியன்று பரமபத வாசல் திறப்பதைக் காணப் பெருங்கூட்டம் கூடுகிறது. ஆனால் அன்று தொடங்கிப் பத்து நாள் நடக்கும் இராப்பத்து விழாவின் கடைசி நாளில் நிகழும் நம்மாழ்வார் மோட்சமே நம் நோக்கத்துக்கு மிகவும் பயன்படும். ஆழ்வாரின் திருமேனியைப் பெருமாள் திருவடியில் வைத்துத் துளசியால் மூடுவார்கள். பிறகு உலகத்தாரின் பொருட்டு அவரைத் திருப்பித் தரும்படி வேண்ட, ஆழ்வார் திரும்பக் கிடைக்கிறார். மோட்சத்துக்குப் போனவரைத் திருப்பிக் கேட்கும் விழா! சொர்க்கத்தைப் பாட்டில் மறுத்த மரபு, விழாவில் அதை வேறு வகையில் நடித்துக் காட்டுகிறது என்று நான் இதைப் படிக்கிறேன். ஆசாரியர்கள் கூறும் விளக்கம் இதிலிருந்து வேறுபடலாம். வைகுண்ட ஏகாதசி இரவில் வீட்டில் பிள்ளைகள் பரமபதம் ஆடுவார்கள். பாம்பின் வாயில் விழுந்து கீழே வந்து மீண்டும் தாயம் உருட்டுபவர்கள் மறுபிறவியைப் பற்றி எந்த உரையும் கேட்டிருக்க வேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகளில் இறந்தவருக்குச் சுண்ணம் (நறுமணப் பொடி) இடிக்கும்போது திருவாசகத்தின் திருப்பொற்சுண்ணத்தைப் பாடுகிறார்கள். அது இறைவனின் திருமுழுக்குக்காகப் பெண்கள் கூடிப் பொற்சுண்ணம் இடிக்கும் மகிழ்ச்சிப் பாட்டு. சாவீட்டில் அதைப் பாடுவது பொருந்துமா என்று புதியவர் திகைக்கலாம். உயிர் சிவனிடம் போகப்போகிறது என்ற பார்வையில் நின்றால் அது முழுக்கு நீராட்டின் பாட்டேதான். முப்பத்தோராம் நாள் அச்சிட்டு வழங்கும் நினைவு நூலையும், அதில் இறந்த திதியைச் சொல்லும் வெண்பாவையும், பெயருக்கு முன் வரும் 'அமரர்' என்ற அடையையும் அங்கே தவறாமல் சேகரியுங்கள். இலக்கியமும் அன்றாட வாழ்வும் ஒரே தாளில் சந்திக்கும் இடம் அது.

மேலுலகம் இறங்கிவந்த கதை

கடந்த இரு நூற்றாண்டுகளைப் படிக்கும்போது அளவுகோல் தலைகீழாவதைக் கவனியுங்கள். வள்ளலார் மரணமிலாப் பெருவாழ்வைப் பேசி, திதி முதலிய சடங்குகளை விடச் சொன்னார். 1867இல் வடலூரில் அவர் ஏற்றிய தருமச்சாலை அடுப்பு இன்றும் எரிகிறது. பாரதி "வானகமிங்கு தென்பட வேண்டும்" என்று வேண்டினார். சுயமரியாதை இயக்கத்தார் கருமாதிக்கு மாற்றாகப் படத்திறப்பு நடத்தினர். 'இயற்கை எய்தினார்' என்பது அந்த வட்டத்திலிருந்து சுவரொட்டிகளுக்குப் பரவிய சொற்றொடர். சொர்க்கத்தை மறுத்தவர்களும் ஒரு கூட்டத்தை அழைக்கவும், ஒரு படத்தைத் திறக்கவும், இறந்தவரின் கொடையைச் சொல்லவும் தவறவில்லை. "புகழை நட்டு மாய்தல்" என்ற கோப்பெருஞ்சோழனின் மூன்றாவது படி அங்கே தொடர்கிறது.

இனி வேலையைத் தொடங்கலாம். ஒரு குறிப்பேட்டில் நான்கு பத்திகள் வரையுங்கள்: சொல், அது வந்த இடம், யார் யாருக்குச் சொன்னது, எதை அளக்கிறது. நான்காவது பத்தி பல நாள் காலியாகவே இருக்கும். அவசரப்பட்டு நிரப்ப வேண்டாம். முதலில் புறநானூற்றில் மேற்சொன்ன ஐந்தாறு பாட்டுகளையும் திருக்குறளில் 'புத்தேள்' வரும் குறள்களையும் பதியுங்கள். பிறகு பீரோவின் மேல்தட்டில் உறைக்குள் கிடக்கும் பழைய கருமாதிப் பத்திரிகைகளை எடுத்து, உங்கள் பாட்டனும் பூட்டியும் எந்தச் சொல்லால் அனுப்பப்பட்டார்கள் என்று ஆண்டுவாரியாக எழுதுங்கள். ஒரே குடும்பத்தில் 'வைகுண்டப் பதவி' எந்த ஆண்டில் 'இறைவனடி சேர்ந்தார்' ஆனது, அந்தப் பத்திரிகையை அச்சுக்குக் கொடுத்தவர் யார் என்று வீட்டில் மூத்தவர் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.